ஆம்பளைத் துணி என்று சொன்னவர்களுக்கு

சபையாருக்கு என் அன்பின் ஸ்தோத்திரம். நான் ராயபுரம் எஸ்தர். இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அவருடைய பைக்கை நான்தான் ஓட்டுகிறேன். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிற வேலை. போன டிசம்பரில், திருவொற்றியூர் தாண்டும்போது என் துப்பட்டா செயினில் சுற்றிக்கொண்டது. விழுந்தேன். பின்னால் வந்த டிரெய்லர் என் தலைக்கு இரண்டடி தள்ளி நின்றது. முட்டியில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது.

காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. வண்டிச் சாவியை எடுப்பேன், திரும்ப ஆணியிலேயே மாட்டிவிடுவேன். வேலை போய்விடும் போலிருந்தது. மூன்று நாள் உபவாசம் இருந்து அழுதேன். "ஆண்டவரே, ஒரு வழி காட்டும்" என்று கெஞ்சினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைத் தட்டியது யார் தெரியுமா? அந்த டிரெய்லரை ஓட்டிய தண்டையார்பேட்டை பாய். யார்டில் விசாரித்து, வீடு தேடி வந்திருந்தார்.

"இன்னாம்மா தங்கச்சி, இந்த ரோட்டுல துப்பட்டாவப் பறக்கவுட்டுகினு வர்றியே, பேஜாராயிடும்மா. முட்டிக்கு, முழங்கைக்கு அடிபடாம கார்டு வச்ச டிரெஸ்ஸே விக்கிது. வாங்கிப் போட்டுக்கினு ஓட்டு" என்றார்.

நான் கேட்ட வழி அதுதான். அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

கடைக்குப் போனால் அங்கே வேறு எரிச்சல். "லேடீஸுக்கு இதுதான் மேடம்" என்று ரோஸ் கலரில் ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டார் கடைக்காரர். தோள்பட்டையை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் துணி. ஏன், பொம்பளை விழுந்தால் தார் ரோடு மெத்தையாகிவிடுமா? சண்டை போட்டு, ஆண்களுக்கான சின்ன சைஸிலேயே பேடு வைத்த ஜாக்கெட்டும், முட்டிக் கவசம் வைத்த கறுப்புப் பேன்ட்டும் வாங்கினேன். உட்கார்ந்து மடக்கிப் பார்த்து, கவசம் நகராததாக எடுத்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு வேலை முடிந்து நேராக வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்தேன். வாசலிலேயே ஓர் ஆன்ட்டி பிடித்துக்கொண்டார்.

"இன்னா கோலம் இது? பொம்பள ஆம்பளத் துணி போடலாமா? விசுவாசம் கீறவளுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு?"

நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர்கூட முட்டி எப்படியிருக்கிறது என்று கேட்கவில்லை. உங்கள் மகன்கள் ஹெல்மெட் போடும்போது மட்டும் விசுவாசம் குறையாதா? துப்பட்டாவோடு நான் செத்திருந்தால், அடக்கமான பொண்ணு என்று சொல்லி அழுதிருப்பீர்கள்!

நான் கழற்றவில்லை. போன மாதம் மழையில், ரோட்டில் சிந்தியிருந்த ஆயிலில் பைக் வழுக்கியது. ரொம்ப தூரம் தேய்த்துக்கொண்டு போனேன். எழுந்து பார்த்தால் பேன்ட் கிழிந்து, கவசம் முழுக்கக் கீறல். உள்ளே ஒரு சிராய்ப்புகூட இல்லை. நானே வண்டியை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முதல் தடவை விழுந்தபின் மூன்று மாதம் உட்கார்ந்தேதான் ஜெபித்தேன். அன்றைக்கு முட்டி போட்டு, போதும் போதும் என்கிறவரைக்கும் நன்றி சொன்னேன். என் தேவன் நல்லவர்.

சகோதரிகளே, பாதுகாப்புக்காக ஜெபியுங்கள். பதில் கறுப்புப் பேன்ட்டாக வந்தாலும், பாய் வாயிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்ட்டி, உங்கள் மகளும் தினம் அதே ரோட்டில்தான் ஸ்கூட்டியில் போகிறாள். என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். முதலில் அவளுக்கு வாங்குங்கள். கடைக்கு நானே கூட வருகிறேன்.