என் கத்தலுக்குத் திரும்பாத மகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டிய ஓர் ஆனி மாதம். இப்போது சித்திரபுரம் என்கிறார்களே, அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எனக்கு இலை உருட்டும் இயந்திரத்தில் வேலை. அந்த இரைச்சலில், பக்கத்து ஆளிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அதே குரல்தான். போதாததற்குக் கோபமும் அதிகம்.

என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கை தட்டினேன், தகர டப்பாவைத் தட்டினேன், "ஏ புள்ள, இங்க பாரு!" என்று கத்தினேன். சுவரைப் பார்த்தபடி விறைத்துக் கிடந்தாள். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க போடுற சத்தத்துக்கு மலையே திரும்பிப் பாக்கும். புள்ளைக்குக் காது கேக்கல போல."

அவளோடு சண்டைக்குப் போனேன். ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. காது கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்? எப்படிப் பிழைக்கும்? "எங்கிட்ட நல்லாத்தாங்க திரும்புறா" என்று மனைவி சொன்னாள். பெற்ற ஆசையில் சொல்கிறாள் என்று அவள் மேலும் எரிந்து விழுந்தேன்.

அந்த வாரம் விடாத மழை. நனைந்து காய்ச்சல் வந்து, என் குரல் அடியோடு போய்விட்டது. மனைவி கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அடுப்பில் கஞ்சி, பாயில் மகள், பக்கத்தில் நான். சும்மா "தங்கம்" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது.

சட்டென்று திரும்பினாள்.

நான் நம்பவில்லை. கம்பளிக்குள் தலையை மறைத்துக்கொண்டு இடது பக்கம் போய்க் கிசுகிசுத்தேன். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் போனேன். வலது பக்கம் பார்த்தாள். கம்பளியை விலக்கி முகத்தைக் காட்டியதும் வயிறு குலுங்கச் சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. என் உதடு அசைவதையே பார்த்தவள், விரலால் அதைத் தொட்டாள். பிறகு தானும் உதட்டைக் குவித்து "பூ" என்று ஊதினாள். நானும் ஊதினேன். எச்சில் தெறிக்க மாறி மாறி ஊதினோம். எத்தனை நேரம் என்று தெரியாது.

மத்தியானம் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தாள். "என்னங்க இது, கஞ்சி தீஞ்சு ஊரே நாறுது!"

"இவளுக்குக் காது கேக்குதுடி!" என்றேன், வராத குரலில்.

"அதத்தான நான் ஒரு மாசமாச் சொல்லுறேன். நீங்க கத்துனா நானே திரும்ப மாட்டேன். பச்சப்புள்ள பயந்துபோய்க் கெடந்தா, காது கேக்கலையாம்!"

திருப்பித் திட்ட எனக்குக் குரல் இல்லை. இருந்திருந்தாலும் திட்டியிருக்க மாட்டேன். தீய்ந்த கஞ்சியைச் சிரித்துக்கொண்டே குடித்தோம்.

மகள் இன்று என்னைவிடப் பெரிய வாயாடி. என் கோபமும் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் எந்தக் குழந்தையிடம் வாய் திறந்தாலும், அந்தச் சின்ன விரல் என் உதட்டில் பட்டது நினைவு வந்து, குரல் தானாக இறங்கிவிடுகிறது.