இரண்டு கார், ஒரு லைசென்ஸ்

இன்றைக்கு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டினேன்.

(பயப்படாதீர்கள். எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். மாடும்.)

விசயம் இதுதான். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு மின்சாரக் கார் வாங்கப் போகிறார்கள்.

சேர்ந்து என்றால், பங்குக்கு.

புத்தூரில் எங்கள் தோட்டக் கிணறே பங்குக் கிணறுதான். ஒருநாள் அப்பா இறைப்பார், மறுநாள் சித்தப்பா. கிணற்றைப் பங்கு போடலாம் என்றால் காரை ஏன் போடக்கூடாது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞானம் வந்துவிட்டது.

அதில் ஒரு சின்னச் சிக்கல். இரண்டு பேரிடமும் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது.

கார் லைசென்ஸ் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒருவரிடம். நான்.

சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவேன். கார் வந்தால் இரண்டு வீட்டுக்கும் நான்தான் டிரைவர், சம்பளமும் உண்டு. கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

ஆனால் இவர்கள் சண்டை பிடித்தால் கார் இல்லை.

போனமுறை சேர்ந்து தண்ணீர்ப் பம்ப் வாங்கப் போனவர்கள் எந்த மொடல் என்பதில் கொளுவி, ஆளுக்கொன்று வாங்கி, ஒரு வருடம் கதைக்கவில்லை. (கிணறு மட்டும் இரண்டு பம்போடு வசதியாக இருந்தது.)

சரி. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கார் சேல், அதாவது கார் விற்கிற கடை.

ஒரு வெள்ளை, ஒரு நீலம். இரண்டும் பார்வைக்கு ஜீப், உண்மையில் ஜீப் இல்லை. விலை கிட்டத்தட்ட ஒன்று. ஒருமுறை சார்ஜ் போட்டால் கொழும்புக்கே போகலாம் என்றார் விற்கிறவர். திரும்பி வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பாவுக்கு வெள்ளை. கூரையில் கண்ணாடி, உள்ளே டிவி அளவு ஸ்கிரீன்.

அப்பாவுக்கு நீலம். காரணம், வெங்காயம்.

ஆமாம், வீட்டிலிருந்து ஒரு மூட்டை வெங்காயத்தை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு காரின் டிக்கியிலும் வைத்துப் பார்த்தார். வெள்ளையில் மூட்டையைப் படுக்க வைக்க வேண்டும், நீலத்தில் அது நிமிர்ந்து நின்றது. விற்கிறவர் டிக்கியிலிருந்து வெங்காயத் தோலைப் பொறுக்கியபடி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவருக்குத் தனிச் சம்பளம் கொடுக்கலாம்.

பிறகு நானும் விற்கிறவரும் ஓடிப் பார்த்தோம். முதலில் வெள்ளை.

ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு பிடி. இழுக்க இழுக்க நான் உயர்ந்தேன். (என் உயரம் நாலடி பத்து அங்குலம். வாழ்க்கையில் முதன்முறையாக உயர்ந்தேன்.) றோட்டு முழுக்கத் தெரிந்தது, பிறேக்கும் எட்டியது.

அடுத்தது நீலம். பிடியைத் தேடினேன். இல்லை.

கேட்டிருக்கலாம். கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டும். அந்த ஆள் என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

அதனால் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினேன்.

எனக்குத் தெரிந்தது ஆகாயம், லைட் போஸ்ட், தூரத்தில் ஒரு கோபுரம். பக்கத்தில் இருந்தவர் "மாடு, மாடு" என்று கத்தியபோதுதான் பிறேக்கை மிதித்தேன். மாடு எங்களைப் பார்க்கவேயில்லை. கார் சத்தம் போடாததால் அதற்கு மரியாதை இல்லை.

திரும்பி வந்தால் கடை வாசலில் சண்டை தொடங்கியிருந்தது.

சித்தப்பா, அப்பா காரா வாங்குகிறார் வெங்காயக் கொட்டிலா வாங்குகிறார் என்று கேட்டிருக்கிறார். அப்பா பதிலுக்கு, டிவி பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் இருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். பிறகு பம்ப் கதை வந்தது. பம்ப் கதை வந்தால் முடிந்தது.

சித்தப்பா ஓட்டோவைப் பார்த்து நடந்தார்.

என் சம்பளமும் கூடவே நடந்தது.

வெள்ளை என்று சொன்னால் பெற்ற அப்பாவுக்கு எதிராகச் சொன்னதாகும். நீலம் என்று சொன்னால் அடுத்த மாடு தப்பாது.

"அப்பா," என்றேன். "நீலத்திலை எனக்கு றோட்டுத் தெரியேல்லை."

எல்லோரும் திரும்பினார்கள். சித்தப்பாவும் நின்றார்.

"அப்ப இவ்வளவு நேரமும் எப்பிடி ஓடினனி?" என்றார் அப்பா.

"ஒரு குத்துமதிப்பிலை."

விற்கிறவர் பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டார்.

அப்பா விடவில்லை. அந்த மனுசனின் கதிரையிலிருந்த குசனையே வாங்கி எனக்குக் கீழே போட்டு, இப்போது பார் என்றார்.

பார்த்தேன். றோட்டு நன்றாகத் தெரிந்தது. கால்தான் கீழே எட்டவில்லை.

"அப்பா, றோட்டுத் தெரிஞ்சால் பிறேக் எட்டேல்லை. பிறேக் எட்டினால் றோட்டுத் தெரியேல்லை. உங்களுக்கு எது வேணும்?"

இவ்வளவு நீளமாக நான் வெளியாட்கள் முன்னால் கதைத்ததே இல்லை. காது சுட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பாராமலே, "படுத்துக் கிடந்தாலும் வெங்காயம் வெங்காயம்தானே," என்றார்.

"நான் அப்பவே சொன்னனான் அண்ணை" என்று தொடங்கிய சித்தப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார். நல்ல மனுசன்.

வெள்ளை புக் பண்ணியாயிற்று.

ஓட்டோவில் வரும்போதே நாள் பிரித்தார்கள். அப்பாவுக்கு மூன்று நாள், சித்தப்பாவுக்கு மூன்று நாள். ஞாயிறு மிஞ்சியது. அதை எப்படிப் பாதியாக வெட்டுவது என்று சந்தி வரும்வரை யோசித்தார்கள்.

"ஞாயிறு எனக்கு," என்றேன்.

வெட்டுகிற வேலை மிச்சம் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். ஓட்டோக்காரரும் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. முதல் ஞாயிறு, நான் மட்டும், தனியாக. கீரிமலைக் கேணியா, தொண்டைமானாற்றுக் கடற்கரையா?

கீழே சொல்லுங்கள்.

(கூட வரட்டுமா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். எனக்குக் கூச்சம்.)