மகள் நீட்டிய கால்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் எங்கள் கோவிலில் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். பங்குத்தந்தை மேலாடையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டு அவர்களுடைய வலது பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். இயேசு கடைசி இராவுணவின்போது தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்கிற சடங்கு. ஓசூரில் பாதிப் பேருக்குப் பகலெல்லாம் சேஃப்டி ஷூவுக்குள்ளேயே கால் வெந்துகொண்டிருக்கும். அதனால் அழைக்கப்பட்டவர்கள் அன்று மத்தியானமே வீட்டில் குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, புதுச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். எனக்கு ஒருமுறை அந்த வாய்ப்பு வந்தபோது நானும் அப்படித்தான் போனேன். அழுக்குக் காலைக் குருவின் கையில் எப்படிக் கொடுப்பது?

இந்த வருடம் புதிதாக வந்த பங்குத்தந்தை அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக என் மகளை அழைத்தார். என் மகளுக்கு இடது பாதம் இல்லை. அந்தக் கால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே செயற்கைக் கால்.

இன்ஜினியரிங் முடித்ததும் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். சானமாவுக் காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். யானைகள் சாலையைக் கடக்கிற இடம். தினமும் ஃபோன் போட்டுக் கேட்பேன்.

"சானமாவு தாண்டிட்டியா கண்ணு?"

"இல்லப்பா. யானை ரோட்டுலயே நிக்குது. எங்க இன்சார்ஜ் அதுகிட்டயும் ஐடி கார்டு கேப்பாரு போல."

யானைக்குப் பயந்துகொண்டே இருந்தோம். வந்தது லாரி. பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றவள் மேல் அது ஏறியது. உயிரோடு கிடைத்தாள். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி என்னால் இன்னும் எழுத முடியவில்லை. இப்போதும் பின்னால் ஏர்ஹார்ன் அடித்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுதான் போகிறேன்.

அவள் நடக்கப் பழகினாள், ஓசூரிலேயே வேறு வேலை தேடிக்கொண்டாள், பிறகு ஸ்கூட்டர் ஓட்டவும் ஆரம்பித்தாள். நான் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் இருப்பவன். ஞாயிறு காலையில் அலன் கீயை எடுத்துக்கொண்டு அவளுடைய செயற்கைக் காலின் திருகுகளைச் சரிபார்ப்பது என் வழக்கம். கால் செய்துகொடுத்தவர், "சார், தயவுசெஞ்சு நீங்க கை வைக்காதீங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். முழங்காலுக்குக் கீழே மீதமிருக்கும் இடது காலுக்கு அவளே வைத்த பெயர் குட்டிக் கால். "இன்னிக்குக் குட்டிக் கால் அரிக்குதும்மா" என்று சாதாரணமாகச் சொல்வாள். என் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடுவாள்.

வீட்டில் இப்படிச் சிரித்துப் பேசுகிறவள் கோவிலுக்குள் நுழைந்தால் மட்டும் சுருங்கிப்போனாள். காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. எல்லாரும் அவள்மேல் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். நற்கருணை வாங்க வரிசையில் போய் நின்றால், முன்னால் நிற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்து அவளுக்கு வழிவிடுவார்கள். ஞாயிறு தவறாமல், திருப்பலியில் எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்ளும் மன்றாட்டில், நோயாளிகளுக்காகச் செபிக்கும் இடத்தில், அவள் பெயரும் வரும். மன்றாட்டுச் சொல்பவர் எங்கள் பகுதிக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தின் தலைவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே ஓய்வு பெற்ற பெரியவர். எதையும் பார்த்துப் படிக்கமாட்டார், எல்லாம் மனப்பாடம். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்து செபமாலை சொன்னவர் அவர்.

"அவங்க யாரையும் குத்தம் சொல்லலப்பா" என்றாள் ஒருநாள். "ஆனா என்னை வரிசையில நிக்கவே விட மாட்டேங்கறாங்க. நான் இந்தக் கோவில்ல ஒரு ஆளா, இல்ல ஒரு மன்றாட்டா?"



பங்குத்தந்தை கேட்ட அன்று நாங்கள் மூவரும் கோவில் முற்றத்தில் நின்றிருந்தோம். நான் மறுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வர்றேன் ஃபாதர். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லும்மா."

"மன்றாட்டுல என்னை நோயாளிங்களோட சேத்துச் சொல்றாங்க. அதை நிறுத்தச் சொல்லுங்க. எனக்கு நோய் ஒண்ணும் இல்ல ஃபாதர். கால்தான் இல்ல."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பெரியவரிடம் பேசுவதாகச் சொன்னார். பேசவும் செய்தார். பெரியவர் மனம் வருந்தி என்னிடம் வந்தார். "செவம் வேண்டாம்னு சொல்லுத பிள்ளைய இப்பதான் பாக்கேன்" என்றார். செபத்தைச் செவம் என்பது அவர் ஊர்ப் பேச்சு.

எனக்கு வேறு கவலை. எல்லார் கண்ணும் அவள் காலைப் பார்க்குமே. நான் தனியாகப் போய்ப் பங்குத்தந்தையிடம் பேசினேன். வலது காலை மட்டும் நீட்டட்டும், இடது கால் ஷூவோடு அப்படியே இருக்கட்டும், பீடத்தின் படி ஏறாதபடி ஓரத்து நாற்காலி கொடுங்கள் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகளிடம் சொன்னபோது, "சரிப்பா" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. 

வியாழன் மத்தியானம் அவள் அம்மா வெந்நீர் வைத்து அவளுடைய வலது பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பார்லர்ல போனா ஒரு காலுக்குப் பாதி ரேட்டுதான வாங்குவாங்க?"

"வாய மூடுடி" என்று அதட்டிய என் மனைவி, பிறகு சிரிக்க ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் கோவில் நிறைந்திருந்தது. வழக்கமாக அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளிலும் கோவில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்கள்தான் இருப்பார்கள். இந்த முறை, பசுமைக் குடிலில் ரோஜா வளர்க்கும் கன்னடக்காரர் ஒருவர், ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்த செக்யூரிட்டி, ஜார்க்கண்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் ஒரு பெண் என்று கலந்து இருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் என் மகள். அவளுக்குப் பக்கத்தில் பெரியவர். நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம்.

பங்குத்தந்தைக்கும் வயது அறுபதை நெருங்கும். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் தரையில் கை ஊன்றித்தான் முழங்காலிட்டார், நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்தார். பெரியவரின் பாதத்தை முத்தமிட்டு எழுந்து, கடைசியாக என் மகளின் முன்னால் மறுபடி முழங்காலிட்டார். பீடச் சிறுமி தாம்பாளத்தை அவளுடைய வலது காலுக்கு நேராக வைத்தாள்.

என் மகள் வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

குனிந்து சுடிதாரை முழங்கால்வரை சுருட்டினாள். செயற்கைக் காலின் பக்கவாட்டில் இருக்கும் பட்டனை அழுத்தினாள். அதை விடுவிக்கும்போது கட கடவென்று ஒரு சத்தம் வரும். பாடகர் குழு அப்போதுதான் ஒரு பாட்டை முடித்திருந்ததால் அந்தச் சத்தம் கோவில் முழுக்கக் கேட்டது. வெள்ளை ஷூவோடு காலை உருவி எடுத்து, வைக்க இடம் தேடி, சட்டென்று பக்கத்திலிருந்த பெரியவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே போட்டிருந்த ரப்பர் உறையைச் சுருட்டிக் கழற்றி, குட்டிக் காலைத் தாம்பாளத்துக்கு மேலே நீட்டினாள்.

என் மனைவியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. நான் பாதி எழுந்திருந்தேன். ஓடிப் போய் ஒரு துணியால் மூடிவிடத்தான் எழுந்தேன்.

பங்குத்தந்தை, அங்கியில் குத்தியிருந்த மைக்கை மறந்து, மெதுவாகக் கேட்டார்.

"வலிக்குமாம்மா?"

"வலிக்காது ஃபாதர். கூசும்."

ஸ்பீக்கரில் இரண்டும் கேட்டன. பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் தண்ணீரை ஊற்றினார். தையல் தழும்பு ஓடுகிற இடமெல்லாம் கையால் தடவிக் கழுவினார். துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். அவள் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டினால் இப்படித்தான் சிரிப்பாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு பேர் நடுவிலும், இவள் என் மகள் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

அடுத்து மன்றாட்டு. ஈரம் காயாமல் உறையைப் போடக்கூடாது என்பதால் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெரியவர் எழுந்தார். கையில் கால் இருந்தது. தரையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை, நாற்காலியில் வைக்கவும் தயங்கினார். கடைசியில் அதைக் குழந்தையைப் போல அணைத்தபடியே வாசக மேடைக்குப் போய் மைக் முன்னால் நின்றார். வெள்ளை ஷூ மேடைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை.

திருச்சபைக்காக, நாட்டை ஆள்பவர்களுக்காக என்று வரிசையாகச் சொல்லிவந்து, நோயாளிகளிடம் வந்தார். இவ்வளவு காலப் பழக்கம், வாய் தானாகப் போயிற்று.

"விபத்தில் அடிபட்ட நம் பங்கின் அன்பு மகள்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். தன் கையிலிருந்த காலைப் பார்த்தார். 

"...மகள்கள், மகன்கள், வேலைக்குப் போய் வருகிற எல்லாரும் பத்திரமாக வீடு சேர மன்றாடுவோம்."

கோவில் முழுவதும் பதில் சொன்னது. நான் சத்தமாகவே சொன்னேன்.

திருப்பலி முடிந்து முற்றத்தில் அவர் எங்களிடம் வந்தார்.

"ஏ மக்ளே, என்ன கனம் கனக்கு! இதையும் தூக்கிட்டா தெனமும் நடக்கிய?"

"உங்க காலைக் கழட்டி எடை போட்டா இதைவிட ஜாஸ்தி வரும் அங்கிள். ஒட்டியிருக்கிறதால உங்களுக்குத் தெரியல."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "செரிதான்" என்றார். போகும்போது அவள் தலையில் கையை வைத்து எடுத்தார். வாய்விட்டு எதுவும் செபிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் கண்ணு, வலது காலுன்னுதானே பேசி வெச்சிருந்தோம்?"

"நானும் வலது காலை நீட்டற யோசனையிலதாம்ப்பா இருந்தேன். ஃபாதர் முட்டி வலியோட கையை ஊனிக் கீழ உக்காந்தாரு பாருங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு உக்காந்தவருகிட்ட, அம்மா தேச்சுப் பளபளன்னு வெச்ச காலையா குடுக்கிறதுன்னு தோணுச்சு. குடுத்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சாப்பிடப் போய்விட்டாள். ஒழுங்காக இருப்பதை மட்டும் தேடி எடுத்துக் கடவுளிடம் நீட்டிக்கொண்டிருந்த எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு காலையில் நல்ல கூட்டம். நற்கருணை வரிசையில் அவள் முன்னால், நான் அவளுக்கு இரண்டு ஆள் பின்னால். பழக்கம் காரணமாக யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் ஒதுங்கவில்லை. அவள் யாரையோ வேடிக்கை பார்த்தபடி நின்றுவிட்டாள் போலும், முன்னால் இடைவெளி விழுந்துவிட்டது. இடுப்பில் கைக்குழந்தையோடு பின்னால் நின்ற பெண் அவள் முதுகில் ஒரு விரலால் குத்தினாள்.

"ஏம்மா, முன்னாடி போம்மா. எவ்ளோ பேரு நிக்கறாங்க, என்னா வேடிக்கை?"

விழுந்துவிடுவாளோ என்று என் கை தானாக நீண்டது. அதை மடக்கிக்கொண்டேன்.

"சாரிக்கா" என்று சொல்லிவிட்டு என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டு வாங்கியவளின் முகமாகவே அது இல்லை. பல் அத்தனையும் தெரிந்தது. பிறகு வரிசையோடு வரிசையாக நகர்ந்து போனாள்.