பதினான்காம் எண் கதை

மாமனாரை இடப்பக்கமாக ஒருக்களிக்க வைத்துப் பிடித்தபடி, மறுகையால் நனைந்த விரிப்பைச் சுருட்டி உருவிக்கொண்டிருந்தாள் டீச்சர். பகலில் ஓர் ஆயா வருவாள். பள்ளி விட்டால் இவள்தான்.

"மெதுவாம்மா," என்றார் கிழவர்.

"மெதுவாத்தான் ஆறு வருஷமா பண்றேன், மாமா."

கணவருக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். அப்பா இளைத்துவிட்டார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போவார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் கதைக் கட்டைப் பிரித்தாள். நாட்டுப்புறக் கதைகளையும் கிரேக்கப் புராணக் கதைகளையும் மாணவர்கள் தங்கள் பாணியில் திரும்பச் சொன்னவை. பள்ளி ஆண்டுமலருக்கு நாற்பதில் ஏழு கதைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வேண்டியவங்க பிள்ளைக்குத்தான் இடம்' என்று பெற்றோர் ஒருமுறை சண்டைக்கு வந்த பிறகு, அவளே ஒரு வழி கொண்டுவந்திருந்தாள். கிளார்க் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, பெயருக்குப் பதில் எண் போட்டுத் தருவார். பெயர்ப் பட்டியல் ஒட்டிய உறையில் இருக்கும். தேர்வு முடிந்த பிறகே பிரிப்பார்கள்.

ஒன்பது கதைகளில் நரி மனம் திருந்திவிட்டது. நரி திருந்திவிட்டால் அப்புறம் கதை ஏது? தொட்டதெல்லாம் பொன்னாகும் ராஜாக்கள் ஐந்து பேர். ஐவரும் கடைசிப் பத்தியில் அறிவுரை சொன்னார்கள்.

பதினான்காம் எண்ணில் கை நின்றது. விடியலின் தேவதை தன் மனிதக் கணவனுக்குச் சாகாவரம் வாங்குகிறாள். இளமையைக் கேட்க மறந்துவிடுகிறாள். அவன் கிழடாகிக்கொண்டே போகிறான், சாகவும் வழியில்லை. பழைய கதைதான். ஆனால் இந்தப் பிள்ளை தேவதையின் கைகளை எழுதியிருந்தது. உலகத்துக்கெல்லாம் வெளிச்சம் போட்டுவிட்டு வந்து அவன் எச்சிலைத் துடைக்கும் கைகள். டீச்சர் சிவப்புப் பேனாவால் மூலையில் 'முதல் இடம்' என்று எழுதினாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பியது அதற்குப் பிறகுதான்.

"எமனுக்கு உங்க விலாசம் தொலைஞ்சுபோச்சு போல," என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள் தேவதை. சாத்தியாயிற்றா என்று ஒருமுறை இழுத்தும் பார்க்கிறாள்.

கிரேக்கத் தேவதைக்கு எமனை எப்படித் தெரியும்? போன வாரம் டீச்சர் மாமனாரிடம் சொன்ன சொல் அது. கதவை இழுத்துப் பார்ப்பதும் அவள் பழக்கம். உறையைப் பிரிக்கத் தேவையே இல்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் எதிரில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு உன்னோடதா?"

மகள் நிமிரவில்லை. "பிடிச்சிருந்துச்சாம்மா?"

"ஊர் முழுக்கப் படிக்கிற புத்தகம்டி. நம்ம வீட்டு அழுக்கைக் கொண்டுபோய் அதுல காயப்போடுவியா?"

"யார் பேரும் போடலையே."

"மாடா உழைக்கிறது யாருன்னு எழுதினியா?"

"ரெண்டாம் பக்கம் முழுக்க அதான். படிச்சீங்கல்ல?"

படித்திருந்தாள். முதல் இடம் கொடுத்ததே அதற்காகத்தான்.

"டீச்சர் பொண்ணுக்கு இடம் கொடுத்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"அந்தப் பேச்சு வரக்கூடாதுன்னுதானே எண் போட்டீங்க. டீச்சருங்க பிள்ளைங்களும் எழுதலாம்னு நீங்கதான் சொன்னீங்க." மகள் பேனாவை மூடினாள். "இடம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்கம்மா. காரணத்தை மட்டும் மாத்தாதீங்க."

உள்ளே கிழவர் தண்ணீர் கேட்டார். மகள்தான் எழுந்து போனாள்.

மறுநாள் காலை பட்டியல் தலைமையாசிரியை மேசைக்குப் போனது. ஏழு எண்கள், பதினான்கு அதில் இல்லை. உறையைப் பிரித்துப் பெயர்ப் பட்டியலைப் பார்த்த தலைமையாசிரியை, கதைக் கட்டிலிருந்து பதினான்காம் கதையை உருவினார். மூலையில் 'முதல் இடம்' என்று எழுதியது குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

"உங்க பொண்ணோடதா? அதுக்காகவா அடிச்சீங்க?"

"பேச்சு வரும்ல, மேடம்."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையா. மத்தவங்க உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்."

டீச்சர் மறுக்கவில்லை. அங்கிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போய், தேர்வான ஏழு கதைகளின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் வாசித்தாள். மகள் மூன்றாம் பெஞ்சில் இருந்தாள். ஏழு பேருக்கும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். கைதட்டல் அடங்கியதும், இலக்கணப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள் டீச்சர்.