மூக்குக்கு நேராக ஒரு சாவி

எங்கள் அம்மா மதம் மாறிவிட்டாள் என்று சித்தப்பா ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்போது நாங்கள் துபாயில், அல் குசைஸில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது. தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். அதற்கு முன் ஒன்று தங்காமல் போனதால், அம்மா படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதிர் ஃபிளாட் எகிப்து ஆன்ட்டிதான் மத்தியானங்களில் துணைக்கு வருவார். ஒருநாள் தன் கழுத்தில் கிடந்த தங்க டாலரைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். பார்க்கச் சிலுவைதான், ஆனால் தலைப்பக்கம் மட்டும் நீள வளையம். அதன் பெயர் அங்க் என்றும், உயிரின் சாவி என்றும் சொன்னார். அவர்கள் நாட்டுப் பழைய கோயில் சுவர்களில் சாமிகள் இதை ராஜாவின் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்பார்களாம், மூச்சு கொடுக்க. செத்தவர்களோடும் வைத்து அனுப்புவார்களாம், போன இடத்திலும் உயிரோடு இருக்கட்டும் என்று. ஐந்து வேளையும் தொழுகிறவர் அவர். இதைக் கும்பிடுவதில்லை, பிரியத்துக்குப் போட்டுக்கொள்வது என்று சொல்லிச் சிரித்தார். அம்மா அதைத் தாலிச் சங்கிலியிலேயே கோத்துக்கொண்டாள்.

சித்தப்பாவுக்கு ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் வேலை, தொழிலாளர் கேம்ப்பில் தங்கல். வெள்ளிக்கிழமைதான் வருவார். அம்மாவின் கழுத்தைப் பார்த்த அன்று இரண்டாம் முறை மீன்குழம்பு கேட்கவில்லை. அப்பா வைத்த குழம்பு என்பதால் யாரும் சந்தேகப்படவும் இல்லை. அடுத்த வெள்ளி ஒரு சின்ன வெள்ளி வேலோடு வந்து, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏண்ணே, எப்ப சிலுவையப் போட்டு வேதத்துக்கு மாறுனீக? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நான்தான் டீச்சர் மாதிரி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரித்தா. இருந்தாலும் இதுவும் கிடக்கட்டும் மதினி" என்று வேலை அம்மாவிடம் நீட்டினார். அதுவும் சங்கிலியில் ஏறியது.

தம்பி அவசரக்காரன், இரண்டு மாதம் முந்திக்கொண்டான். ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் கழற்றச் சொன்ன நகைகளெல்லாம் சித்தப்பாவின் கைக்குட்டைக்குள் வந்து சேர்ந்தன. குழந்தையால் தானாக மூச்சுவிட முடியவில்லை, இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அப்பா அம்மாவிடம் போனார். நானும் சித்தப்பாவும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றோம். உள்ளே ஒரு பெட்டியில், மூக்கில் குழாயோடு தம்பி கிடந்தான்.

"சித்தப்பா, அந்தச் சாவிய எடுங்க. மூக்குக்கு நேரா காட்டணும்."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கைக்குட்டையை அவிழ்த்து, தான் வாங்கிய வெள்ளி வேலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சங்கிலியோடு அங்க்கைப் பிடித்தார்.

"எந்தப் பக்கம்த்தா மேல வரணும்?"

"தெரியல. நேரா இருந்தாப் போதும்."

கண்ணாடியில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றினாரே தவிர, இறக்கவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். மெஷினா, டாக்டரா, வேலா, சாவியா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை முடிவாகவில்லை. அவன் வீட்டுக்கு வந்த வாரம் சித்தப்பா டியூட்டி முடிந்து நேராக வந்தார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவி, அவனை மடியில் வாங்கினார். உச்சியை முகர்ந்து பார்த்தார். அப்புறம் கொடுக்கவே இல்லை.

"கலாஸ், போதும் சித்தப்பா, இப்ப நான்."

"இன்னும் செத்த நேரம்த்தா" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் என் தம்பியா, அவர் தம்பியா என்று அம்மாவிடம் போய்ப் பொருமினேன். "விடு, வச்சிருக்கட்டும்" என்றாள் அம்மா.

ஊரில் சித்திக்குப் பாப்பா பிறந்து அப்போது ஒரு வருஷம் தாண்டியிருந்தது. அவளைச் சித்தப்பா செல்போனில்தான் பார்த்திருந்தார். அது எனக்கும் தெரியும். ஆனாலும், அவர் கை எப்போது வலிக்கும், தம்பி எப்போது என்னிடம் வருவான் என்று எதிரிலேயே உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.