மன்றத்தில் ஞானம்மா ஒப்புக்கொண்டது

இரண்டாயிரத்து மூன்றில் சாத்தான்குளத்திலிருந்து ஒரு கம்பெனி வேலைக்கு வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஆறு பெண்களோடு ஒரே அறையில் குடியிருந்தவள் ஞானம்மா. உண்மையைப் பேசினால் நல்லது நடக்கும் என்று நம்பினாள். பாவம், அந்த நம்பிக்கையை ஊட்டியதே கம்பெனி கூட்டிவந்த மனச்சான்று மன்றம்தான்.

மன்றத்தை நடத்தியவர் கோதண்டராமன். பேங்கில் ஓய்வு பெற்று, சம்பளமில்லாத சேவை என்று கிளம்பியவர். சனிக்கிழமை ஷிஃப்டுக்கு முன்னால் கேன்டீனில் பெண்களை வட்டமாக உட்காரவைப்பார். எழுந்து பேசுகிறவர்கள் முதலில் தங்கள் தப்பைச் சொல்ல வேண்டும். அது அங்கே சட்டம்.

அந்த வாரம் பிரஸ் மிஷினில் அவளோடு வேலை செய்த ரஞ்சனிக்கு மூன்று விரல்கள் போயின. கதவு திறந்தால் மிஷினை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று உண்டு. அதை டேப் போட்டு அமுக்கிவிட்டால் உற்பத்தி பறக்கும். ஒட்டச் சொன்னவன் சூப்பர்வைசர் தசரதன். கம்பெனியோ, எல்லாம் ரஞ்சனியின் கவனக்குறைவு என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது.

அவள் வேலையை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று ஞானம்மா மன்றத்தில் எழுந்தாள். மேனேஜரும் தசரதனும் பின்னால் நின்றிருந்தார்கள்.

"நானுந்தான் டேப் ஒட்டி ஓட்டியிருக்கேன் சார். லைன்ல எல்லாரும் ஒட்டுவோம். எங்கள ஒட்டச் சொன்னது..."

கோதண்டராமன் குறுக்கே புகுந்தார். "போதும்மா. இங்க அடுத்தவங்களக் குறை சொல்லக் கூடாது. உன் தப்ப ஒத்துக்கிட்ட பாரு, அதான் மனசாட்சி!"

எல்லோரும் கைதட்டினார்கள். தசரதன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான், படுபாவி.

திங்கட்கிழமை ரஞ்சனிக்கு வேலை போயிற்று. பெண்களே ஒட்டுகிறார்கள் என்று கூட வேலை செய்கிறவளே ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு? ஞானம்மாவை மட்டும் அவள் நேர்மைக்காக மன்னித்தார்கள்.

அவள் அழுதுகொண்டே ரஞ்சனி வீட்டுக்குப் போனாள். "ஒனக்காவத்தாம் எந்திச்சேன், ரஞ்சனி."

ரஞ்சனி கட்டுப் போட்ட கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "எல்லாரும் கைதட்டனாங்களாமே? நல்லா கீது. கெளம்பு. இன்னொரு தபா என் பேர எங்கியும் சொல்லாத."

அடுத்த மாதம் ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் பேச கோதண்டராமன் அவளைக் கூப்பிட்டார். "போவலன்னா உன் காண்ட்ராக்ட் அவ்ளோதான்" என்றான் தசரதன். போனாள். டேப் ஒட்டிய தன் தப்பை முழுவதும் சொன்னாள். ஒட்டச் சொன்னவன் பெயர் வர வேண்டிய இடத்தில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளே நிறுத்திக்கொண்டு, அவர்கள் கைதட்டுவதற்காகக் காத்து நின்றாள்.