தேளாக மாறிய பெயர்

மலைமேல் இருக்கும் மன்னவனூரில் வாழ்க்கைப்பட்ட வாரத்திலேயே பொன்னுத்தாயின் இடது முன்கையில் புருஷன் வேலுச்சாமியின் பெயரைப் பச்சை குத்தினார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. வேலுச்சாமி மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான், ஊர் ஊராகப் போகும் பச்சைக்காரி ஒருத்தி குத்தி முடித்தாள். 1954இல் அதே வேலுச்சாமி இன்னொருத்தியைக் கூட்டி வந்து, பொன்னுத்தாயை உருளைக்கிழங்குக் கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொன்னான்.

அடுத்த முறை பச்சைக்காரி வந்தபோது, பெயரை எடுக்க முடியுமா என்று பொன்னுத்தாய் கேட்டாள். எடுக்க முடியாது, அதன் மேலேயே பெரிதாக வேறொன்றைக் குத்தலாம், ஆனால் புருஷனிடம் கேட்டுவிட்டு வா என்றாள் அவள். பொன்னுத்தாய் கேட்கப் போகவில்லை. மூன்று ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டினாள். விளக்குக் கரியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையில் தானே குத்தினாள். பெயர் போய்த் தேள் வந்தது. கொடுக்கு மட்டும் கோணல். அதைப் பார்த்த வேலுச்சாமி மண்வெட்டிக் காம்பால் அடித்தான். மறுநாள் வெள்ளனவே அவள் மலையை விட்டு இறங்கினாள்.

பழனி அடிவாரத்தில் ஊதுவத்திக் கடை வைத்திருந்த முத்து முகம்மது, படியில் ரத்தம் சிந்தினால் அன்றைக்கே கிளப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் கடையோரம் உட்கார்ந்து பச்சை குத்த இடம் விட்டார். கோயிலுக்கு வந்தவர்கள் வேலும் மயிலும் கேட்டார்கள், குத்தினாள். ஆனால் அவளைத் தேடிப் பெண்கள் வந்தது வேறு காரியத்துக்கு. விட்டுப் போனவன், அடித்துத் துரத்தியவன் என்று யார் பெயர் கையில் இருந்தாலும் அதை மறைத்துத் தந்தாள். மலையில் பார்த்த பெரணி இலையும் பூச்சியும்தான் அவளுக்கு மாதிரி. சுழி உள்ள எழுத்து எளிதில் கொழுந்தாகச் சுருண்டுவிடும். 'ப' மாதிரிக் கட்டமாக நிற்கும் எழுத்துதான் லேசில் அடங்காது. கடைத்தெரு ஆண்கள் அவளைக் கண்டால் காறித் துப்பினார்கள். அவளும் துப்பினாள்.

1961இல், காப்பிப்பழம் பறிக்கும் சமயம், தாண்டிக்குடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ராக்காயி என்ற கூலிக்காரி அவளை வரச் சொல்லி அனுப்பினாள். பொன்னுத்தாயைவிட மூத்தவள். எஸ்டேட் மேஸ்திரி திருமலைச்சாமி அவளைச் சில வருஷம் வைத்திருந்து ஒதுக்கிவிட்டான். ஒதுக்கிய பிறகும், தன் பெயர் அவள் கையில் இருக்கிறவரை அவள் தன்னுடையவள் என்று சொல்லி, அவளோடு பேசிய ஆட்களை வேலையை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தான்.

கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து, ராக்காயி கையிலிருந்த 'திருமலை'யில் பொன்னுத்தாய் மூன்று எழுத்தை மறைத்திருந்தபோது மேஸ்திரி வந்து நின்றான்.

"யாரைக் கேட்டு அழிக்கிறே?"

"கை யாரோடதோ அவளைக் கேட்டு," என்றாள் பொன்னுத்தாய், நிமிராமல்.

அவன் பூட்ஸ் காலால் அவள் வலது கையை மிதித்துத் தரையோடு தேய்த்தான். இரண்டு விரல்கள் ஒடிந்தன. இருட்டுவதற்குள் இரண்டு பேரும் எஸ்டேட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். ராக்காயி அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை பொன்னுத்தாய்க்கு விரல் வலியைவிட எரிச்சலாக இருந்தது.

"உன்னால என் கை போச்சு. அழுதுட்டு இருந்தா கரி காஞ்சிரும். ஊசிய எடு."

"எனக்குத் தெரியாதே தாயி."

"எனக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா? தோல இழுத்துப் பிடி. ரத்தம் வழிஞ்சா ஆழமாப் போயிட்டேன்னு அர்த்தம். புள்ளி புள்ளியா வை, கோடு இழுக்காத. வெரசா."

யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருந்த அந்தக் காலத்து 'லை'யை ராக்காயி தானே குத்திப் பெரணிக் கொழுந்தாக்கினாள். அன்றைக்கே இருவரும் பழனிக்கு இறங்கினார்கள்.

பொன்னுத்தாயின் விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. இடது கையால் அவள் உருவம் வரைந்து கொடுப்பாள், ராக்காயி குத்துவாள். ஒரே பாயில் உட்கார்ந்தும் ஒருத்திக்கொருத்தி ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. விரல் போனதைத் தினமும் சொல்லிக் காட்டினாள் பொன்னுத்தாய். பொறுக்கமுடியாமல் நான்கைந்து வருஷம் கழித்து ராக்காயி கடைத்தெருவின் எதிர்ச்சாரியில் தனிப் பாய் விரித்தாள். பொன்னுத்தாய் இடது கையாலேயே குத்தப் பழகினாள்.

தொழில் பழக வந்தவர்களுக்கு அவளிடம் முதலில் வசவுதான் கிடைத்தது. உன் தொடையில் குத்திக்கொண்டு அது ஆறின பிறகு வா என்பாள். ஊசியைக் கொதிக்க வைக்காதவளையும், குடித்தவனுக்குக் குத்துகிறவளையும் பக்கத்தில் அண்ட விடமாட்டாள். பெரும்பாலானவர்கள் திரும்பி வரவில்லை. வந்த ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள்.

"பேரு குத்தணும்னு ஒருத்தி வந்தா, ஒனக்கு இஷ்டமான்னு அவளக் கேளு. கூட வந்தவன் பதில் சொன்னா ஊசியக் கீழ வை."

இவ்வளவு கடுகடுப்பு ஆகாது, எதிரே இருக்கிற ராக்காயியிடமே பழகிக்கொள்கிறேன் என்று பழக வந்தவள் எழுந்தாள். பொன்னுத்தாய் தடுக்கவில்லை.

"போ. அவளும் இதத்தான் சொல்லுவா. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு மட்டும் சொல்லமாட்டா."